சந்தேக எண்

மார்ச் 4, செவ்வாய்

அலுவலகத்தில் லிஃப்டை மாற்றிவிட்டார்கள். இனி உள்ளே பொத்தான் கிடையாது. வெளியே நின்று ஒரு திரையில் மாடி எண்ணை அழுத்தினால், எந்த லிஃப்டில் ஏற வேண்டும் என்று அது சொல்லும். அடையாள அட்டையைத் தேய்த்தால்தான் திரை விழிக்கிறது. அப்படியென்றால் யார், எப்போது, எந்த மாடிக்குப் போனார்கள் என்பதெல்லாம் எங்கேயோ சேர்கிறது. மின்சாரம் மிச்சமாகும் என்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். ஆகட்டும். சேர்வதை யார் படிப்பார்கள் என்று அறிவிப்பில் இல்லை.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவர். சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே சிரித்தார். "ஊரையெல்லாம் கேமரா வழியாப் பாக்குற கம்பெனியில சம்பளம் வாங்கிக்கிட்டு, லிஃப்ட் பாக்குதுன்னு கவலப்படுற ஒரே ஆள் நீதான்."

சரிதான். வீட்டிலிருந்தே தேர்வு எழுதுகிறவர்களை அவர்களுடைய லேப்டாப் கேமரா வழியாகக் கண்காணிக்கும் மென்பொருளை எழுதுவதுதான் எங்கள் பிழைப்பு. கண் எங்கே போகிறது, உதடு அசைகிறதா, அறையில் வேறு குரல் கேட்கிறதா என்று பார்த்து, கடைசியில் ஆளுக்கு ஓர் எண் கொடுக்கும். பூஜ்யத்திலிருந்து நூறு வரை. அலுவலகத்துக்குள் அதன் பெயர் சந்தேக எண். விளம்பரத்தில் நம்பகக் குறியீடு. இரண்டும் ஒன்றுதான். விளம்பரத்துக்காக நூறிலிருந்து கழித்துக்கொள்வோம்.

மார்ச் 6, வியாழன்

மளிகைக் கடையில் இலவச அட்டை வாங்கிக்கொள்ளச் சொல்லி நச்சரிக்கிறார்கள். தள்ளுபடி கிடைக்குமாம். எதற்குத் தள்ளுபடி? நான் எந்தக் கிழமை எந்த சோப்பு வாங்குகிறேன் என்பது அவர்களுக்கு அவ்வளவு பெறுமானம் என்றால், எனக்கு ஏன் அது ஒன்றுமில்லாததாகத் தெரிகிறது? இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் யாரோ பங்களா கட்டுகிறார்கள்.

வாங்கவில்லை. வீட்டுக்காரர் வாங்கிவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா போன் செய்தாள். எடுத்தவுடன் நலம் விசாரிக்காத அக்காவை இன்றுதான் பார்க்கிறேன்.

சுண்டுவின் தேர்வு முடிவை நிறுத்திவைத்துவிட்டார்கள். சுண்டு அக்காவின் ஒரே பெண். அத்தான் போன பிறகு, மருத்துவமனையில் நோயாளிகளைப் பதிவு செய்யும் மேசையில் உட்கார்ந்து அக்கா தனியாக வளர்த்த பெண். மருந்தாளுநர் படிப்பை முடித்துவிட்டு ஒரு மருந்துக் கடையில் எடுபிடியாக இருக்கிறாள். உரிமத் தேர்வில் தேறினால்தான் கவுண்டரில் நின்று தன் கையால் மருந்து கொடுக்கலாம். போன மாதம் வீட்டிலிருந்தே எழுதினாள். இன்று வந்திருக்கும் செய்தி: சந்தேகத்துக்குரிய நடத்தை, நம்பகக் குறியீடு 19. விசாரணையில் உறுதியானால் மூன்று வருடம் தேர்வு எழுத முடியாது. மூன்று வருடம் எந்தக் கடை காத்திருக்கும்?

"கீழ உங்க கம்பெனி பேரு போட்டிருக்குடி. அது உங்க மிஷின்தானே?"

"ஆமாக்கா."

"அப்ப அதுகிட்டப் போய்ச் சொல்லு, இது என் அக்கா பொண்ணு, அப்படிப்பட்டவ இல்லன்னு."

"அதுகிட்டச் சொல்ல முடியாதுக்கா."

"ஏன், அதுக்குக் கண்ணு மட்டுந்தானா? காது வைக்கலியா?"

காதும் வைத்திருக்கிறோம். சொல்லவில்லை.

போனை வைத்த பிறகு முதலில் வந்த எண்ணம் என்ன என்று உண்மையாக எழுதிவிடுகிறேன். பார்த்து எழுதியிருப்பாளோ? கல்லூரி முதல் வருடத்தில் வகுப்புக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு சினிமாவுக்குப் போய் மாட்டிக்கொண்டவள். பத்தொன்பது என்றால், கழிப்பதற்கு முன்னால் எண்பத்தொன்று. எண்பதுக்கு மேல் எங்கள் மென்பொருள் சாதாரணமாக யாருக்கும் கொடுப்பதில்லையே.

ஆளின் பழைய கதையையும் கணக்கில் சேர்க்கலாம் என்று ஒருவர் கூட்டத்தில் சொன்னபோது, அது அநியாயம் என்று கத்தியது நான்தான். மென்பொருளில் போடக் கூடாது என்றேன். என் தலைக்குள் அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது.

மார்ச் 10, திங்கள்

சுண்டுவின் பதிவைத் திறக்கவில்லை. யார் எதைத் திறந்தாலும் பதிவாகும். உறவினர் விவகாரத்தில் கை வைத்தால் வேலை போகும். திறக்காமல் இருந்ததற்குக் காரணம் நேர்மை இல்லை என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

எங்கள் புள்ளிவிவரக்காரருக்கு அலுவலகத்தில் சதவீதம் என்று பெயர். சின்ன வயதுதான். காபி சூடாக இருக்கிறதா என்று கேட்டால்கூட "ஒரு எழுபது சதவீதம்" என்பார். சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"எண்பதுக்கு மேல வாங்கினவங்கள்ல எத்தன பேரு நெஜமாவே திருடினவங்க?"

"அது எப்படி மேடம் தெரியும்? பிடிபட்டவங்கள்ல ஒரு பத்து சதவீதம் ஒத்துக்கறாங்க. மத்தவங்க ஒத்துக்கல. ஒத்துக்காத திருடங்கன்னு எடுத்துக்கறோம்."

"விளம்பரத்துல தொண்ணூத்தாறு சதவீதம் சரின்னு போடறோமே?"

"அது நம்ம ஃபோல்டர்ல வெச்சுப் பார்த்தது."

"எந்த ஃபோல்டர்?"

தட்டைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விட்டார். பாதிச் சாப்பாடு தட்டிலேயே இருந்தது. எதை மறைக்கிறார்?

வீட்டுக்காரரிடம் தொண்ணூற்றாறு பற்றிக் கேட்டேன். வகுப்பு எடுக்கும் குரல் வந்துவிட்டது. "ஆயிரம் பேர் எழுதறாங்க. இருபது பேர் திருடன்னு வெச்சுக்க. உங்க மிஷின் அதுல பத்தொம்போது பேரப் பிடிச்சிடும், சந்தோஷம். மிச்சம் இருக்கிற தொள்ளாயிரத்து எண்பது நல்லவங்கள்ல நாலு சதவீதம் தப்பாப் போகும். அது முப்பத்தொம்போது பேர். மாட்டினவங்கள வரிசையா நிக்க வெச்சா, மூணுல ரெண்டு பேர் ஒண்ணுமே பண்ணாதவங்க."

"இது கம்பெனிக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா என்ன? தப்பாப் பிடிச்சா நஷ்டம் பிடிபட்டவனுக்கு. பிடிக்காம விட்டா நஷ்டம் கம்பெனிக்கு, தேர்வு நடத்தறவங்க வேற ஆளப் பார்த்துப்பாங்க. அப்ப மிஷின் எந்தப் பக்கம் சாயும்னு நீயே சொல்லு."

பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா வேலையிலிருந்து வந்திருக்கவில்லை. சுண்டு மட்டும் இருந்தாள். தண்ணீர் கொடுத்தாள். எதிரே உட்கார்ந்தாள். எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தது ஒன்றும் உதவவில்லை.

"பார்த்து எழுதினியா சுண்டு?"

அவள் கோபப்படவில்லை. "அம்மா இதக் கேக்கவே இல்ல சித்தி. ஒரு தடவகூட. நீங்க வந்து தண்ணி குடிக்கறதுக்குள்ள கேட்டுட்டீங்க."

"இல்லடா, நான் எதுக்குக் கேக்கறேன்னா —"

"எதுக்குன்னு தெரியும். இல்ல. பார்த்து எழுதல."

அதைச் சொல்லும்போது அவள் கண் எங்கே போகிறது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கும் அது தெரிந்தது. சித்தி என்று என் இடுப்பில் தொங்கிய குழந்தை, என் முன்னால் கண்ணைச் சிமிட்டாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

தேர்வு எப்படி இருந்தது என்று கேட்டேன். பாதி படித்துப் பதில் சொல்வது, பாதி கணக்கு. குழந்தைக்கு எவ்வளவு மருந்து என்கிற மாதிரி. வெள்ளைத்தாள் வைத்துக்கொள்ளக் கூடாது. கால்குலேட்டர் கூடாது. தாள் இருந்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேமராவுக்குத் தெரியாது என்பதால் அந்த விதி.

"பேப்பர் இல்லாம எப்படிக் கணக்குப் போட்ட?"

"மனசுலதான். எங்க டீச்சர் அப்படித்தான் பழக்கினாங்க. மிஷின்ல புள்ளி ஒண்ணு தள்ளி விழுந்தா கொழந்த செத்துடும், அதனால முதல்ல மனசுல போடு, அப்புறம் அழுத்துன்னு சொல்லுவாங்க."

"ஒண்ணு போட்டுக் காட்டு."

"என்ன, இப்ப நீங்களும் பரீட்ச வைக்கறீங்களா?" சிரிக்காமல்தான் கேட்டாள். ஆனாலும் காட்டினாள். பதினான்கு கிலோ எடையுள்ள குழந்தை. காய்ச்சல் மருந்து, கிலோவுக்குப் பதினைந்து மில்லிகிராம். பாட்டிலில் ஐந்து மில்லிக்கு நூற்றிருபது மில்லிகிராம் இருக்கிறது. எத்தனை மில்லி கொடுக்கலாம்?

அவள் தலை மேலே போனது. கூரை மூலையில் பார்வை நின்றது. உதடு அசைந்தது. கட்டைவிரல் மற்ற விரல்களின் நுனியைத் தொட்டுத் தொட்டு வந்தது. எனக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரிவதுபோல் இருந்தது.

"எட்டே முக்கால் மில்லி," என்றாள்.

வீட்டுக்கு வந்து தாளில் போட்டுப் பார்த்தேன். எட்டே முக்கால்தான்.

மார்ச் 17, திங்கள்

அந்த ஃபோல்டரைக் கண்டுபிடித்துவிட்டேன். அதில் தேர்வர்கள் யாருடைய பதிவும் இல்லை, ஆகவே விதி எதையும் மீறவில்லை. உள்ளே இரண்டு பிரிவுகள். ஒன்றின் பெயர் நேர்மை. இன்னொன்று திருட்டு.

இரண்டிலும் இருப்பது நாங்கள்தான்.

நிறுவனம் தொடங்கிய புதிதில் ஒரு மத்தியானம் எல்லோரையும் நாற்காலியில் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். பாதிப் பேர் ஒழுங்காகத் தேர்வு எழுத வேண்டும், பாதிப் பேர் திருட வேண்டும். மென்பொருளுக்கு எது ஒழுங்கு, எது திருட்டு என்று கற்பிக்க. வெளியிலிருந்து ஆள் கூப்பிட்டால் செலவு. நன்றாகத் திருடியவருக்கு ஒரு குடை பரிசு என்றார்கள். அன்று அலுவலகமே சிரித்துக்கொண்டிருந்தது.

நேர்மை, ஏழாவது ஃபைல்: நான். முகத்தில் ஒரு அசைவு இல்லை. எட்டு, ஒன்பது, பத்து, எல்லோரும் அப்படியே. பிழைப்பே திரையை முறைத்துக்கொண்டிருப்பது. யோசிக்கும்போதும் தலையைத் தூக்க மாட்டோம், பக்கத்தை மேலும் கீழும் உருட்டிக்கொண்டே யோசிப்போம். கொடுத்த தேர்வும் வெறும் படித்துப் பதில் சொல்லும் தேர்வு. அதில் ஒரு கணக்குகூட இல்லை.

திருட்டு, மூன்றாவது ஃபைல்: சதவீதம். கூரையைப் பார்க்கிறார். உதட்டை அசைக்கிறார். கதவைப் பார்க்கிறார். மறுபடியும் கூரை. சினிமாத் திருடன் தோற்றான். குடை அவருக்குத்தான் போனது.

நிஜமாகவே திருடுகிறவன் என்ன செய்வான்? திரையின் ஓரத்தில் ஒரு துண்டுத் தாளை ஒட்டிவைப்பான். அவன் கண் திரையை விட்டு நகரவே நகராது. எங்கள் கணக்கில் அவன் உத்தமன்.

ஆக நாங்கள் திருடனைத் தேடவில்லை. புரோகிராமர்கள் திருடன் என்று நினைத்துக்கொண்டு எதை நடித்தார்களோ, அதைப்போல யார் இருக்கிறார்கள் என்று தேடுகிறோம். கணக்குப் போடுகிறவள் அப்படி இருக்கிறாள்.

மார்ச் 18, செவ்வாய்

மேலாளரிடம் போனேன். கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னார். முழுதாகக் கேட்டார், குறுக்கே பேசவில்லை. குறுக்கே பேசாத மேலாளரை நான் நம்புவதில்லை.

"நல்ல பாயிண்ட். அடுத்த வெர்ஷன்ல சரிபண்ணிடலாம்."

"ஏற்கெனவே மாட்டினவங்க?"

"பழசுல ஒண்ணத் தொட்டா எல்லாத்தையும் தொடணும். அப்புறம் இத யாரு வாங்குவா?"

"எந்தக் கேள்வியில எண் ஏறுச்சுன்னாவது தேர்வு வாரியத்துக்குக் குடுக்கலாமே? நம்மகிட்ட இருக்கே."

"இருக்கு. ஆனா வாங்கறவங்களுக்கு ஒரு நம்பர் போதும். ரெண்டு குடுத்தா யோசிக்க ஆரம்பிச்சிடுவாங்க." தானே ரசித்துச் சிரித்தார். பிறகு குரலை இறக்கி, ரொம்பப் பிரியமாக, "இதுல உங்களுக்குச் சொந்த விஷயம் ஏதாவது இருக்கா?" என்றார்.

தெரிந்துதான் கேட்கிறார். எப்படித் தெரியும்?

"என் அக்கா பொண்ணு," என்றேன்.

"வருத்தமா இருக்கு," என்றார். வருத்தப்பட்டவர்போல்தான் இருந்தார். மூன்று மணிக்கு என் லாகின் வேலை செய்யவில்லை. ஐந்து மணிக்கு ஒரு மின்னஞ்சல்: விசாரணை முடியும்வரை கண்காணிப்பு மென்பொருளில் எனக்கு அனுமதி இல்லை, அதன் உள்விவரங்களை வெளியில் பேசுவது ஒப்பந்த மீறல்.

அலுவலகத்தில் அதுவரை நான் இந்த விஷயத்தைப் பேசிய ஒரே ஆள் சதவீதம். அங்கே வேறு யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. அவன்தான். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு ஓடியது எதற்கு என்று இப்போது தெரிகிறது.

மார்ச் 19, புதன்

லிஃப்டில் என்னைப் பார்த்ததும் தரையைப் பார்த்தான். போதாதா?

மார்ச் 22, சனி

சும்மா உட்காரவைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள். யோசிக்க நேரம் கிடைப்பது நல்லதில்லை.

பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்தால் மனிதர்கள் மாறுகிறார்கள் என்று சமூகவியல் படித்தவர்கள் சொல்வார்கள். பார்க்கிறவர்களும் மாறுகிறார்கள் என்பதை யாராவது எழுதியிருக்கிறார்களா? பல வருடமாக முகங்களை எண்ணாக்கிக்கொண்டிருந்தவளுக்கு, தெருவில் போகிறவர்கள் முகமும் அப்படித்தான் தெரிகிறது. பால் போடுகிறவர் இன்று மீதி கொடுக்கும்போது வேறு பக்கம் பார்த்தார். எண்ணிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

சதவீதத்தைத் திட்டித் தீர்த்தபோது வீட்டுக்காரர் கேட்டார்: "அவர்தான் போட்டுக்குடுத்தார்னு உனக்கு யார் சொன்னா?"

"முகத்துலயே எழுதி ஒட்டியிருக்கு. கண்ணக் குடுத்துப் பேச மாட்டேங்கறான்."

"சரி. எத்தன மார்க் போடற?"

"எண்பத்தஞ்சு."

"அடேயப்பா. நம்ம சுண்டுவவிட நாலு ஜாஸ்தி," என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார்.

அந்த ஆளோடு எப்படித்தான் இத்தனை வருடம் குடித்தனம் நடத்தினேனோ.

மார்ச் 26, புதன்

இறங்கும்போது லிஃப்டைத் தவிர்த்துப் படிக்கட்டில் வந்தேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் சதவீதம் நின்றிருந்தார். லிஃப்டில் பேசினால் பதிவாகுமோ என்ற பயம் அவருக்கும் உண்டாம். அதைக் கேட்டதும் என் கோபத்தில் கொஞ்சம் குறைந்துபோனது.

"மேடம், கேள்வி வாரியாப் பிரிச்சுப் பார்த்தேன். அந்த மருந்தாளுநர் தேர்வ எழுதினவங்க எல்லாரையும். படிச்சுப் பதில் சொல்ற பக்கத்துல எண் அடங்கிக் கெடக்கு. கணக்குப் பக்கம் வந்ததும் முக்காவாசிப் பேருக்கு எகிறுது. கணக்க மனசுல போடத் தெரிஞ்சவங்களுக்கு ரொம்ப எகிறுது. சட்டுனு விட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போனவங்களுக்கு ஏறல."

"இத ஏன் எங்கிட்டச் சொல்றீங்க? மேலாளர்கிட்ட நீங்கதானே போய்ச் சொன்னீங்க?"

திகைத்துப்போனார். "நானா? அவருக்கு நம்ம ஹெல்ப்லைன்லேந்து தகவல் வந்துச்சு மேடம். உங்க அக்கா போன் பண்ணாங்களாம். என் கூடப்பிறந்தவ அங்கதான் இருக்கா, அவளக் கூப்பிட்டுக் கேளுங்கன்னு ஒருநாள் விடாம பண்ணியிருக்காங்க. ஆபீஸ்ல நூறு சதவீதம் பேருக்குத் தெரியும்."

"அப்புறம் எதுக்கு என்னப் பார்த்தா கண்ண எடுத்துக்கறீங்க?"

அப்போதும் எடுத்துக்கொண்டார். "கூச்சமா இருக்கு மேடம். அந்த ஃபோல்டரப் பத்திக் கேட்டீங்க. அதுல கூரையப் பாக்கறது நான்தான். ஏதோ வெளையாட்டுக்கு நடிச்சேன். ஊர்ல இருக்கிறவங்கள எல்லாம் இப்ப என் மூஞ்சிய வெச்சுப் பிடிக்கறாங்க."

வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் செய்தேன். "ஆமாடி, பண்ணேன். அந்தப் பொண்ணு நல்லாப் பேசுச்சு. நீ வாயத் தொறக்க மாட்ட, நானாவது சொல்ல வேணாமா?" என்றாள். அவளிடம் என்ன சொல்வது. அவள் பெண்ணுக்காக அவள் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

மார்ச் 29, சனி

சுண்டுவின் விசாரணை புதன்கிழமை. குடும்பத்தில் ஒருவர் கூடப் போகலாம். அக்கா என்னைப் போகச் சொல்கிறாள். மென்பொருளைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசினாலும் ஒப்பந்த மீறல். பேசாமல் உட்கார்ந்திருக்க நான் எதற்கு?

யோசித்து யோசித்து ஒன்று தோன்றியது. நான் பதில் சொல்லக் கூடாது என்றுதான் இருக்கிறது. சுண்டு கேள்வி கேட்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. அவளிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: எந்தக் கேள்வியில் என் எண் ஏறியது என்று கேள்.

"ஏன்?" என்றாள்.

"கேளு, போதும்."

இதுவே மீறல்தானோ? இருக்கலாம். வக்கீலிடம் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்.

ஏப்ரல் 2, புதன்

நீளமான மேசை. அந்தப் பக்கம் தேர்வு வாரியத்தின் மூன்று பேர், எல்லோரும் மருந்து படித்தவர்கள், நடுவில் இருந்த அம்மா தலைவர். ஓரத்தில் எங்கள் நிறுவனத்தின் சார்பில் மேலாளரும் சதவீதமும். மேலாளர் எனக்கு வணக்கம் சொன்னார்.

பத்தொன்பது என்ற எண்ணை வாசித்தார்கள். சுண்டுவிடம் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். அவள் நான் சொன்னபடி கேட்டாள்.

மேலாளர், "ஒட்டுமொத்த எண்தான் முக்கியம், தனித்தனியாப் பாக்கறது வழக்கமில்ல," என்றார்.

"வழக்கமில்லையா, இல்ல முடியாதா?" என்றார் தலைவர் அம்மா.

மேலாளர் தண்ணீர் குடித்தார். அதற்குள் சதவீதம், "முடியும் மேடம்," என்றார். லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். எண் ஏறிய இடமெல்லாம் கணக்கு. எல்லாவற்றிலும் அதிகமாக ஏறியது ஒரே கேள்வியில்: பத்தொன்பது கிலோ குழந்தை, ஒரு நாளைக்கு மூன்று வேளை, பாட்டில் எத்தனை நாளைக்கு வரும் என்ற கேள்வி.

"இதுக்கு இந்தப் பொண்ணு என்ன பதில் போட்டிருக்கா?" என்றார் தலைவர். சதவீதம் சொன்னார். சரிதானா என்று அவர்களே போட்டுப் பார்த்தார்கள்.

மூன்று பேருடைய தலையும் மேலே போனது. கடைசியில் இருந்தவருக்கு உதடும் அசைந்தது. சதவீதம் என்னைப் பார்த்தார், முதல் தடவையாக நேருக்கு நேர். நான் மேசையைப் பார்த்தேன், சிரித்துவிடக் கூடாதே என்று.

"சரியாத்தான் இருக்கு," என்றார் தலைவர். பிறகு ஏதோ தோன்றியவர்போல் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவரும் இவரைப் பார்த்தார். தலைவர் ஒரு தடவை கூரையைப் பார்த்தார், ஒரு தடவை லேப்டாப்பைப் பார்த்தார்.

ஏப்ரல் 11, வெள்ளி

தீர்ப்பு வந்தது. சுண்டு குற்றமற்றவள் என்று அதில் இல்லை. மென்பொருள் தவறு என்றும் இல்லை. நிறுத்திவைக்கப்பட்ட எல்லோரும் ஒரு மண்டபத்தில், தாளும் பேனாவும் வைத்து, மறுபடி எழுத வேண்டும். "தேர்வர்களின் வசதியை முன்னிட்டு."

சந்தேகப்பட எவ்வளவு சுலபமான இயந்திரம் கட்டியிருக்கிறோம். சந்தேகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு பொத்தான் வைத்தோமா?

என்னை வேறு குழுவுக்கு மாற்றிவிட்டார்கள். உடற்பயிற்சிக் கூடங்களில் வருகிறவர்கள் சாமான் வைக்கும் பெட்டிகளைப் பூட்டும் மென்பொருள். சதவீதம் விலகல் கடிதம் கொடுத்துவிட்டார். வேறு வேலை கிடைத்ததா என்று கேட்டேன். நாற்பது சதவீதம் என்றார்.

மே 18, ஞாயிறு

தேர்வு மண்டபத்துக்கு வெளியே அக்காவும் நானும் மர நிழலில் நின்றோம். கதவுக் கண்ணாடியில் தாள் ஒட்டியிருந்தார்கள். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

"நீ அவகிட்டக் கேட்டியாமே," என்றாள் அக்கா. பார்த்து எழுதினாயா என்று கேட்டதைத்தான்.

"கேட்டேன்."

"எனக்கும் கேக்கணும்னுதான் இருந்துச்சு." கைப்பையைத் திறந்து மூடினாள். "அவ இல்லன்னு சொன்னாளாமே. நல்லவேள நீ கேட்ட. ஆனா நான் இதச் சொன்னேன்னு அவகிட்டச் சொல்லிடாத."

மணி அடித்தது. சுண்டு வெளியே வந்தாள். எப்படி எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் அம்மாவோடு உட்கார்ந்துகொண்டாள்.

ஜூன் 24, செவ்வாய்

தேறிவிட்டாள். ஹெல்ப்லைன் பெண்ணுக்கும் அக்கா போன் செய்து சொன்னாளாம்.

ஜூலை 19, சனி

தலைவலி மாத்திரை வாங்கும் சாக்கில் சுண்டுவின் கடைக்குப் போனேன். வெள்ளைக் கோட்டு போட்டு கவுண்டரில் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவரில் உரிமம், கண்ணாடிச் சட்டத்துக்குள். கூரையில், கவுண்டருக்கு நேர் மேலே, ஒரு கேமரா. கடைக்காரர் திருட்டுப் பயத்தில் வைத்ததாக இருக்கும். எந்தக் கம்பெனியுடையது என்று என் புத்தி உடனே தேடியது. பெயர் தெரியவில்லை.

எனக்கு முன்னால் ஒரு பெண், இடுப்பில் குழந்தை, கையில் மருந்துச் சீட்டு. சுண்டு சீட்டைப் படித்தாள். குழந்தையின் எடையைக் கேட்டாள். கால்குலேட்டர் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது. அதை அவள் தொடவில்லை. ஒரு கணம் தலை மேலே போகப் பார்த்தது. பாதியில் நின்றது.

"ஒரு நிமிஷம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அலமாரி வரிசையின் இடைவெளியில் எனக்குத் தெரிந்தது. பெட்டிகளுக்குப் பின்னால், கேமராவுக்கு எட்டாத மூலையில், நின்றபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. விரல்கள் ஒன்றையொன்று தொட்டன. பிறகு வெளியே வந்து, கால்குலேட்டரில் அழுத்திச் சரிபார்த்து, பாட்டிலில் அளவை எழுதி ஒட்டி, எப்படிக் கொடுக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கு இரண்டு தடவை சொன்னாள்.

"உங்களுக்கு என்ன சித்தி?"

"தலவலி."

"கண்ணாடிய மாத்துங்கன்னு எப்பலேந்து சொல்றேன்," என்று ஒரு மாத்திரை அட்டையை எடுத்து வைத்தாள். வேறொன்றும் பேசவில்லை. ஆனால் சொன்னது பழைய சுண்டு.

எனக்குப் பின்னால் நின்றவரும் குழந்தைக்கு மருந்துச் சீட்டு வைத்திருந்தார். அவள் வாங்கிப் படித்தாள். எடையைக் கேட்டாள். "ஒரு நிமிஷம்," என்று சொல்லிவிட்டு மறுபடியும் உள்ளே போனாள்.